ஆரா வரும் மைக்ரேன்: தடுப்பு மருந்து எப்படி வேலை செய்கிறது, எங்கே கைவிடுகிறது

மைக்ரேனுக்கான மருந்துகளில் இரண்டு வகை உண்டு. வலி தொடங்கியபின் அதை அடக்கப் போடுவது ஒன்று. தாக்குதல்கள் அடிக்கடி வராமல் இருக்க, தலை வலிக்காத நாளிலும் விடாமல் போடுவது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் தடுப்பு மருந்து. தலைவலி வந்த நேரத்தில் புரோப்ரனலால் என்ற தடுப்பு மாத்திரையைப் போட்டுவிட்டு "இது கேட்கவே இல்லை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பத்து நாள் சாப்பிட்டுப் பார்த்து, பலன் இல்லை என்று நிறுத்திவிடுபவர்கள் அதைவிட அதிகம். தடுப்பு மருந்து தோற்றதாகச் சொல்லப்படும் பல சமயங்களில் உண்மையில் தோற்றது மருந்து அல்ல; அளவு போதவில்லை, காலம் போதவில்லை, அல்லது எதை எண்ணிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஆரா என்பது தலைவலிக்கு முன்போ, அதோடு சேர்ந்தோ வந்து போகும் நரம்பு அறிகுறி. பெரும்பாலும் கண்ணில்தான் தெரியும். பார்வையின் நடுப்பகுதிக்கு அருகே ஒரு சிறு மங்கல் தோன்றும். அதன் விளிம்பில் கோணல்மாணலாக ஓர் ஒளிக்கோடு மின்னும். அது மெல்ல விரிந்து ஓரத்துக்கு நகர்ந்து, இருபது முப்பது நிமிடத்தில் மறைந்துவிடும். கண்ணை மூடினாலும் தெரியும், ஏனென்றால் கோளாறு கண்ணில் இல்லை. மூளையின் பின்புறம் உள்ள பார்வைப் பகுதியில் இருக்கிறது. சிலருக்கு விரல் நுனியில் மதமதப்பு தொடங்கிக் கை வழியாக ஏறி உதட்டுக்கும் நாக்குக்கும் போகும். சிலருக்குச் சொல் தடுமாறும். ஓர் அறிகுறி குறைந்தது 5 நிமிடமாவது எடுத்து மெதுவாகப் பரவும், 5 முதல் 60 நிமிடம் வரை நீடிக்கும், பிறகு முழுவதுமாகச் சரியாகும். அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்குவது வழக்கம். தலைவலியே இல்லாமல் ஆரா மட்டும் வந்து போவதும் உண்டு.

"மெதுவாகப் பரவும்" என்பதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். திடீரென்று, ஒரே நொடியில், பார்வை அணைந்தாலோ கை கால் விழுந்தாலோ அது ஆரா என்று வீட்டிலேயே முடிவு செய்யக் கூடாது; பக்கவாதம் என்று கருதி உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டி வாழ்க்கையில் முதல்முறையாக வருவது, ஒரு மணி நேரத்தைக் கடந்தும் தீராதது, வழக்கமாக வருவதிலிருந்து முற்றிலும் வேறாக இருப்பது, இவற்றையும் மருத்துவர் பார்த்த பிறகே மைக்ரேன் என்று சொல்ல முடியும்.

மூளைக்குள் நடப்பது என்ன?

1944இல் பிரேசில் விஞ்ஞானி அரிஸ்டிடிஸ் லியாவோ முயல்களின் மூளைப் புறணியில் ஒரு விசித்திரமான நிகழ்வைப் பதிவு செய்தார். ஓர் இடத்தைத் தூண்டினால் அங்குள்ள நரம்பணுக்கள் மொத்தமாகக் கிளர்ந்து, உடனே சில நிமிடங்களுக்கு அடங்கிப் போகின்றன. அந்த அடக்கம் அக்கம்பக்கத்து அணுக்களுக்கும் பரவுகிறது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். ஆராவின் மின்னல் கோடு பார்வைப் புலத்தில் நகரும் வேகத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய இதே எண்தான் வருகிறது. கிளர்ச்சி அலை செல்லும்போது மின்னலும் மதமதப்பும், அதன் பின்னால் வரும் அமைதியின்போது மங்கலும் மரத்துப்போவதும். ஆராவுக்கு அடிப்படை இந்த அலைதான் என்று இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது.

தடுப்பு மருந்து ஏன் உடனே வேலை செய்வதில்லை என்பதற்கும் இந்த அலையிலேயே ஒரு விடை இருக்கிறது. 2006இல் வெளியான ஓர் எலி ஆய்வில் டோபிரமேட், வால்ப்ரோயேட், புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் முதலிய மருந்துகளை வாரக்கணக்கில் கொடுத்தார்கள். மூளையைத் தூண்டும்போது எழும் அலைகளின் எண்ணிக்கை 40 முதல் 80 சதவீதம் வரை குறைந்தது. ஒரே ஒரு தடவை கொடுத்தபோது எந்த மாற்றமும் இல்லை. எவ்வளவு நாள் கொடுத்தார்களோ அவ்வளவுக்கு அடக்கம் கூடியது. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வலிப்புக்கு இரண்டு, மனச்சோர்வுக்கு ஒன்று என்று ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மருந்துகள் ஒரே வேலையைச் செய்வது எப்படி என்ற பழைய கேள்விக்கும் அது வழி காட்டியது. இவை வலியை அடக்குவதில்லை. அலை எளிதில் கிளம்பாதபடி மூளையின் தாங்குதிறனை உயர்த்துகின்றன. கிளம்பிவிட்ட அலையை நிறுத்த இவற்றால் ஆகாது. அதனால் ஆரா தொடங்கியபின் கூடுதலாக ஒரு தடுப்பு மாத்திரை போடுவதில் பயனில்லை.

யாருக்கு வேண்டும்?

மாதத்தில் 4 நாளோ அதற்கு மேலோ தலைவலி வேலையைக் கெடுத்தால் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்று பொருள். வலிநிவாரணி கேட்கவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை, மைக்ரேன் வலியை அடக்கும் டிரிப்டான் வகை மருந்துகளை இதய நோயால் போட முடியவில்லை என்றால் நாட்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பேசலாம். தலைவலி லேசாக இருந்தாலும் ஆரா அடிக்கடி வந்து வாகனம் ஓட்டவோ இயந்திரம் இயக்கவோ முடியாமல் செய்தால் அதுவும் போதுமான காரணம். ஆராவோடு ஒரு பக்கக் கை கால் உண்மையாகவே பலமிழக்கும் அரிய வகை ஒன்று இருக்கிறது. அதற்கு நரம்பியல் மருத்துவரின் நேரடிக் கவனிப்பு தேவை. அதில் டிரிப்டான் கூடாது, புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்களையும் பல மருத்துவர்கள் தவிர்ப்பார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆரா வந்து, அரை மணியில் மறைந்து, ஒரு மாத்திரையில் வலியும் தீர்ந்துவிடுகிறது என்றால் தினசரி மருந்து தேவையில்லை. ஆரா பயமுறுத்துகிறது என்பது மட்டுமே ஆண்டு முழுவதும் மாத்திரை சாப்பிடக் காரணமாகாது. பயத்துக்கு நல்ல மருந்து, என்ன நடக்கிறது என்ற தெளிவு.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, வலிநிவாரணிக் கணக்கு. டிரிப்டானை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் போட்டுவந்தால் அந்த மருந்தே தலைவலியை வளர்க்கத் தொடங்கிவிடும். அதைக் குறைக்காமல் எந்தத் தடுப்பு மருந்தை ஏற்றினாலும் பலன் அரைகுறைதான். இரண்டாவது, பெண்கள் போடும் கருத்தடை மாத்திரை. ஆரா உள்ளவர்களுக்கு, ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்தின் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. இளவயதில் அந்த வாய்ப்பே மிகச் சிறியது என்பதால் இரு மடங்கும் சிறியதுதான். ஆனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் புகைபிடிப்பதும் சேர்ந்தால் அது வேகமாக ஏறும். அதனால் ஆரா உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடையைத் தவிர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. புரோஜெஸ்டிரோன் மட்டும் உள்ளவையும், ஹார்மோன் இல்லாத காப்பர் கருவளையமும் மாற்று வழிகள்.

மருந்துகள், அளவுகள்

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. பெரிய மருந்தாய்வுகள் எண்ணியது தலைவலி நாட்களையே. ஆராவைத் தனியாக எண்ணியவை குறைவு. எனவே ஆரா உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தேர்வு பெரும்பாலும் ஒரே பட்டியலிலிருந்துதான். எது உங்களுக்கு என்பதை ஆராவைவிட உங்களுடைய மற்ற உடல்நிலையே அதிகம் தீர்மானிக்கும். கீழே உள்ள அளவுகள் பெரியவர்களுக்கு வழக்கத்தில் உள்ளவை. மருத்துவரோடு பேசும்போது புரிந்துகொள்ள உதவுவதற்காகத் தரப்பட்டவை, கடையில் கேட்டு வாங்கிப் போட அல்ல.

புரோப்ரனலால் பழைய மருந்து, நம்பகமானது. 20 அல்லது 40 மி.கி. காலையும் இரவும் என்று தொடங்கி, சில வாரங்களில் நாளொன்றுக்கு 80 முதல் 160 மி.கி. வரை ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் 240 வரை போவதுண்டு. ரத்த அழுத்தம் கூடியிருப்பவருக்கும், பதற்றத்தில் படபடப்பவருக்கும் இரட்டைப் பலன். ஆஸ்துமா இருந்தால் கூடவே கூடாது, மூச்சுக்குழாய் இறுகிவிடும். நாடித்துடிப்பு ஏற்கனவே மெதுவாக உள்ளவருக்கும் பொருந்தாது. இன்சுலின் போடுபவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பு என்ற எச்சரிக்கையை இது மறைத்துவிடும். கை கால் சில்லிடுவது, படி ஏறக் களைப்பு, விறுவிறுப்பான கனவுகள், சில ஆண்களுக்குப் பாலுறவில் தளர்ச்சி ஆகியவை வரலாம். கடைசியாகச் சொன்னதை வெட்கப்பட்டு மறைத்து, மருந்தை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிடுபவர்கள் நிறைய. சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள். இன்னொன்று: புரோப்ரனலால், டிரிப்டான் வகையைச் சேர்ந்த ரிஸாட்ரிப்டானின் அளவை ரத்தத்தில் கூட்டும். எனவே இரண்டும் போடுபவர் 10 மி.கி. ரிஸாட்ரிப்டானுக்குப் பதில் 5 மி.கி. மாத்திரையைப் பயன்படுத்த வேண்டும். வேறு வேறு மருத்துவர்கள் எழுதித்தரும்போது இது அடிக்கடி தவறிப்போகிறது.

டோபிரமேட் முதல் வாரம் இரவில் 25 மி.கி.; பிறகு வாரம் 25 மி.கி. கூட்டி, நான்காவது வாரத்தில் காலை 50, இரவு 50 என்று நிற்கும். 200க்குப் போவதால் 100ஐவிடப் பெரிய லாபம் இல்லை, தொந்தரவுதான் கூடும். பசி குறைந்து எடை இறங்கும். ஏற்கனவே மெலிந்தவருக்கு அது பிரச்சினை. விரல்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு இதில் மிகச் சாதாரணம். ஆரா உள்ளவர் இதை ஆரா என்று எண்ணிப் பயந்துவிடுவார், நாட்குறிப்பிலும் தப்பாக எழுதிவிடுவார். பிரித்தறிய வழி இருக்கிறது: மருந்தினால் வருவது இரண்டு கைகளிலும் பாதங்களிலும் சேர்ந்து வரும், ஊர்ந்து ஏறாது, நாளில் பலமுறை வந்து போகும். ஆரா பெரும்பாலும் ஒரு பக்கமாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறும். அதேபோல, டோபிரமேட் சிலருக்குச் சொல் மறக்க வைக்கும். பேச்சுத் தொழிலில் இருப்பவர்களால் அதைத் தாங்க முடியாது. சிறுநீரகக் கல் வராமலிருக்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். முதல் மாதத்தில் கண் வலித்து, சிவந்து, பார்வை மங்கி அப்படியே நின்றால் அது ஆரா அல்ல. கண் அழுத்தம் திடீரென ஏறுவதாக இருக்கலாம். அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கருவில் உள்ள குழந்தைக்கு இது தீங்கானது, உதட்டுப் பிளவு முதலிய குறைகளை உண்டாக்கும். கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் உறுதியான கருத்தடை இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

வால்ப்ரோயேட் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். பிறவிக் குறைகளும் குழந்தையின் அறிவு வளர்ச்சியில் பாதிப்பும் தெளிவாக நிறுவப்பட்டவை. மைக்ரேனுக்காக இதைக் கருத்தரிக்கும் வயதுள்ள பெண்ணுக்குத் தருவதில் நியாயமே இல்லை. மற்றவர்களுக்கு 500 முதல் 1000 மி.கி. வரை பலனளிக்கும், எடை கூடும், முடி கொட்டும், கை நடுங்கும், கல்லீரல் பரிசோதனை வேண்டும்.

தூக்கம் கெட்டவருக்கும், கழுத்து இறுகிய தலைவலியும் சேர்ந்து வருபவருக்கும் அமிட்ரிப்டிலின் நல்ல தேர்வு. இரவில் 10 மி.கி., ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை 10 கூட்டி 25 முதல் 50 வரை, சிலருக்கு 75. மனச்சோர்வு மருந்து என்று கேள்விப்பட்டுத் தயங்க வேண்டாம், இங்கே அளவு அதைவிடக் குறைவு. காலையில் மந்தமாக இருந்தால் படுக்கும் நேரத்தில் போடாமல் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட்டால் சரியாகும். வாய் உலரும், மலச்சிக்கல் வரும், எடை ஏறும். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபடும் முதியவருக்கு உகந்ததல்ல.

கேண்டசார்டன் 4 அல்லது 8 மி.கி.யில் தொடங்கி 16 வரை. தொந்தரவு குறைவு என்பதே இதன் பெருமை, கர்ப்பத்தில் கூடாது. ஃப்ளூனாரிஸின் இரவில் 5 முதல் 10 மி.கி.; தூக்கமும் எடையும் கூட்டும். மனச்சோர்வு இருந்தவருக்கும், பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கும் தரக் கூடாது. முதியவர்களுக்கு நடுக்கமும் விறைப்பும் வரலாம் என்பதால் மாதக்கணக்கில் கண்மூடித் தொடரக் கூடாத மருந்து.

இனி லாமோட்ரிஜின். மைக்ரேன் தலைவலியைக் குறைப்பதில் இது தேறவில்லை; ஆனால் ஆராவின் எண்ணிக்கையையும் நீளத்தையும் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டின. ஆகவே தலைவலியைவிட ஆராதான் தொல்லை என்பவருக்கு, மற்றவை கைகொடுக்காதபோது, நரம்பியல் மருத்துவர்கள் எடுப்பது இதைத்தான். பொறுமை தேவைப்படும் மருந்து: 25 மி.கி. இரண்டு வாரம், 50 மி.கி. இரண்டு வாரம், பிறகு மெல்ல 100க்கும் 200க்கும். அவசரமாக ஏற்றினால் தோல் தடிப்பு வரும். அது உயிருக்கே ஆபத்தான தோல் உரிதலாகவும் மாறலாம். முதல் எட்டு வாரங்களில் எந்தத் தடிப்பு வந்தாலும், குறிப்பாகக் காய்ச்சலோ வாய்ப்புண்ணோ சேர்ந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐந்தாறு நாட்கள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, 25இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் இதன் அளவு ரத்தத்தில் இரட்டிப்பாகும், ஆகவே பாதி அளவில்தான் தொடங்குவார்கள்.

2018 முதல் வந்த புதிய மருந்துகள் சி.ஜி.ஆர்.பி. என்ற வலிப் புரதத்தைக் குறிவைப்பவை. எரெனுமாப் (மாதம் 70 அல்லது 140 மி.கி.), ஃப்ரெமனெஸுமாப், கால்கனெஸுமாப் ஆகியவை தோலுக்கடியில் போடும் ஊசிகள், அட்டோஜெபான்ட் தினசரி மாத்திரை. இவை மைக்ரேனுக்கென்றே உருவாக்கப்பட்டவை. வாரக்கணக்கில் மெல்ல ஏற்றும் வேலை இல்லை, பலனும் முதல் மாதத்திலேயே தெரியலாம். எரெனுமாப் மலச்சிக்கலையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடும். ஊசியின் மருந்து உடலில் நீண்ட நாள் தங்கும் என்பதால் கருத்தரிக்கத் திட்டமிட்டால் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். போட்டாக்ஸ் ஊசி ஆராவுக்கானது அல்ல. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி உள்ள நாள்பட்ட மைக்ரேனுக்கு மட்டும்.

இந்த மருந்துகள் வேண்டாம் என்பவர்கள் மெக்னீசியம் (நாளொன்றுக்கு 400 முதல் 600 மி.கி.), ரிபோஃப்ளேவின் (400 மி.கி.) முயல்வதுண்டு. பலன் மிதமானது, மூன்று மாதமாவது ஆகும். மெக்னீசியம் வயிற்றுப்போக்கு தரும். சிறுநீரகம் கெட்டவருக்குக் கூடாது. ரிபோஃப்ளேவின் சிறுநீரைப் பளிச்சென்ற மஞ்சளாக்கும், அதில் பயப்பட ஒன்றுமில்லை.

எண்ணாமல் எதுவும் தெரியாது

தொடங்குவதற்கு முந்தைய நான்கு வாரங்களும் தொடங்கியபின் ஒவ்வொரு மாதமும் மூன்று எண்கள் வேண்டும்: ஆரா எத்தனை முறை, தலைவலி எத்தனை நாள், வலிநிவாரணி போட்டது எத்தனை நாள். ஆரா வந்தால் எந்த வகை, எத்தனை நிமிடம் என்பதையும், பெண்கள் மாதவிடாய் தேதியையும் குறிப்பது நல்லது. ஆராவையும் தலைவலியையும் ஒரே கட்டத்தில் எழுதினால் கணக்கு கெடும். ஒருவருக்கு மாதம் 8 நாள் வலி 4 ஆகி, ஆரா முன்போலவே மூன்று முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஒன்றும் மாறவில்லை, இன்னும் மின்னுகிறது" என்று அவர் சொல்வார். நாட்குறிப்போ மருந்து பாதி வென்றுவிட்டது என்று சொல்லும். இங்கே மருந்தை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா, ஆராவுக்காக வேறொன்றைச் சேர்ப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த எண்கள்தான் ஆதாரம்.

எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கலாம்? தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் அது நல்ல வெற்றி. முற்றிலும் நின்றுபோவது சிலருக்குத்தான். தீர்ப்பு சொல்ல வேண்டிய நேரம், முழு அளவை எட்டிய பிறகு 8 முதல் 12 வாரம். டோபிரமேட் முழு அளவுக்கு வரவே நான்கு வாரம், லாமோட்ரிஜினுக்கு அதைவிட அதிகம் என்பதால், மொத்தத்தில் மூன்று நான்கு மாதம். மூன்றாவது வாரம்தான் ஆபத்தான கட்டம்: பக்கவிளைவு வந்திருக்கும், பலன் வந்திருக்காது.

இடையில் ஆரா வந்தால், டிரிப்டான் போடுபவர் அதை வலி தொடங்கும்போது போட வேண்டும். ஆராவின் நடுவே போட்டால் பின்னால் வரும் வலியைத் தடுக்காது, மாத்திரை வீண். ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் போன்றவற்றை ஆரா தொடங்கியதுமே போடலாம்.

ஒரு மருந்து வேலை செய்தால் 6 முதல் 12 மாதம் தொடர்ந்துவிட்டு, நிறுத்திப் பார்க்கும் பேச்சை எடுக்கலாம். நிறுத்துவதும் படிப்படியாகத்தான். புரோப்ரனலாலைச் சட்டென்று விட்டால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், இதய நோயாளிக்கு நெஞ்சு வலி வரும். டோபிரமேட், வால்ப்ரோயேட், லாமோட்ரிஜின் மூன்றும் வலிப்பு மருந்துகள், அவற்றையும் வாரக்கணக்கில்தான் இறக்க வேண்டும். அளவு இறங்கும் வாரங்களிலும் அந்த மூன்று எண்களை எழுதிக்கொண்டே வாருங்கள். ஏறத் தொடங்கினால், கடைசியாக அடங்கியிருந்த அளவுக்கே திரும்பிப்போய் இன்னும் சில மாதம் நிற்கலாம். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.